லண்டன் மாரத்தானை ஓரமாக நின்று பார்ப்பது எப்படி

லண்டனுக்குக் குடிவந்து சில மாதம் ஆகியிருக்கும். ஏப்ரல் நெருங்கும்போது அலுவலகத்தில் ஒருவரோ, வீட்டிலேயே ஒருவரோ, "இந்த வருஷம் மாரத்தான் ஓடுறேன், வந்து பாருங்களேன்" என்பார். சரி என்று தலையாட்டிவிடுவோம். ரோட்டோரம் போய் நின்றால் வருகிறவர் கண்ணில் படப்போகிறார், இதில் என்ன பெரிய வித்தை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

முதல் வருஷம் ஓடியது என் தம்பி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய், கட்டி சார்க் கப்பலுக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் கால் கடுக்க நின்றேன். முதல் நாள் ராத்திரியே அவனிடம், "கப்பல் தாண்டினதும் இடது பக்கம் நிற்போம்" என்று சொல்லியிருந்தேன். நான் சொன்னது எனக்கு இடது. அவன் தேடியது அவனுக்கு இடது. நடுவில் ரோடு நிறைய ஜனம் ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் அவனைப் பார்த்துவிட்டோம். அவனோ கழுத்தை எதிர்ப்பக்கம் திருப்பி, ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். அம்மா கத்தியது அந்த இரைச்சலில் எங்கே கேட்கப்போகிறது. "நாம வந்ததே அவனுக்குத் தெரியலையே" என்று சாயங்காலம் வரை புலம்பிக்கொண்டிருந்தார்.

நாம் அவரைப் பார்ப்பது பாதி வேலைதான். அவர் நம்மைப் பார்க்க வேண்டும். கீழே எழுதியிருப்பது எல்லாமே இதற்காகத்தான்.

முதலில் வழியைத் தெரிந்துகொள்ளுங்கள்

லண்டன் மாரத்தான் வழக்கமாக ஏப்ரல் கடைசி ஞாயிற்றுக்கிழமை நடக்கும். 1981-இல் தொடங்கியது. 2025-இல் 56,000-க்கும் மேற்பட்டவர்கள் ஓடி முடித்தார்கள். 2026 ஓட்டத்துக்கான குலுக்கலில் 11 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் பெயர் கொடுத்தார்கள். உங்களைக் கூப்பிட்டவர் எவ்வளவு பெரிய சீட்டு விழுந்து ஓடுகிறார் என்பதற்காகச் சொல்கிறேன். இல்லையென்றால் ஏதாவது அறக்கட்டளைக்கு நிதி திரட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்து இடம் வாங்கியிருப்பார். உங்களிடமும் ஒரு தொகை கேட்டிருப்பார்.

தூரம் 42.195 கிலோமீட்டர், அதாவது 26 மைல் 385 யார்டு. இந்தக் கோணல் கணக்கே லண்டனில் பிறந்ததுதான். 1908 ஒலிம்பிக்கில் வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி, விளையாட்டரங்கில் அரச குடும்பம் உட்கார்ந்திருந்த மாடத்துக்கு எதிரே முடித்தார்கள். அந்தத் தூரமே பிற்பாடு உலகம் முழுவதற்கும் அளவாகிவிட்டது.

ஓட்டம் தென்கிழக்கே பிளாக்ஹீத், கிரீனிச் பூங்கா பக்கம் தொடங்குகிறது. ஒரே கோட்டில் எல்லோரையும் நிறுத்த இடம் போதாது என்பதால் நீலம், சிவப்பு, பச்சை என்று நிறம் வைத்துத் தனித்தனியாகத் தொடக்கங்கள் இருக்கும். மூன்றாவது மைல் வாக்கில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்துவிடும். ஆறாவது மைல் தாண்டினால் கட்டி சார்க் கப்பல். அப்புறம் டெப்ட்ஃபோர்ட், சரே கீஸ், பெர்மண்ட்ஸி வழியாக, பன்னிரண்டாவது மைல் தாண்டி டவர் பிரிட்ஜ். பாலத்தைக் கடந்ததும் வலது பக்கம் திரும்பி ஹைவே என்ற சாலையில் கிழக்கே போவார்கள். பாதித் தூரம் அங்கேதான் முடிகிறது. பிறகு ஐல் ஆஃப் டாக்ஸைச் சுற்றி, பதினெட்டு, பத்தொன்பதாவது மைலில் கனரி வார்ஃப், இருபதை ஒட்டி பாப்லர். மறுபடி அதே ஹைவே சாலையில் மேற்கு நோக்கித் திரும்பி வந்து, டவர் ஹில், தேம்ஸ் கரையோரம், பிக் பென், கடைசியில் பக்கிங்ஹாம் அரண்மனை எதிரே திரும்பி த மால் சாலையில் முடிவுக் கோடு.

வழிநெடுகப் பலகைகள் மைலில் இருக்கும். ஓடுபவர் எங்கே வருகிறார் என்று காட்டும் மொபைல் செயலி கிலோமீட்டரில் பேசும். மைலை 1.6-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள், அது போதும்.

ஓடுபவரிடம் கேட்டு வாங்க வேண்டியவை

ஓட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளில் ஓடுபவர்கள் ஒரு மாதிரி பதற்றத்தில் இருப்பார்கள். கிழங்கு, சோறு, பாஸ்தா என்று சாப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், பேச்சு காதில் ஏறாது. அதனால் ஒரு வாரம் முன்பே பிடித்து உட்காரவைத்து இதையெல்லாம் எழுதி வாங்குங்கள்.

அவருடைய ஓட்ட எண். எந்த நிறத் தொடக்கம், எந்த அலை (எல்லோரையும் ஒரேயடியாக விடாமல் கூட்டம் கூட்டமாகக் கிளப்புவார்கள், அதில் ஒரு கூட்டம்தான் அலை), அந்த அலை கிளம்பும் நேரம். எவ்வளவு நேரத்தில் முடிக்க நினைக்கிறார். ஆசை நேரம் வேறு, உண்மையான நேரம் வேறு, இரண்டையும் கேளுங்கள். சட்டை, தொப்பி என்ன நிறம். அப்புறம், எந்தப் பெயரில் பதிவு செய்திருக்கிறார்.

கடைசிக் கேள்வி நம்மவர்களுக்கு ரொம்ப முக்கியம். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை அப்பா பெயரால் நிரப்பியிருப்போம். செயலியில் "கார்த்திக்" என்று தேடினால் வேறு யாராவது வருவார்கள். அவர் அங்கே அப்பா பெயரில் ஒளிந்திருப்பார். எண்ணை வைத்துத் தேடுவதே நல்லது.

இன்னொன்றும் சொல்லி வையுங்கள்: நெஞ்சில் குத்துகிற எண் அட்டையின் பின்பக்கம் உடல்நல விவரமும் அவசரத் தொடர்பு எண்ணும் எழுத இடம் இருக்கும். அதில் இந்த ஊரில் எடுக்கக்கூடிய ஆளின் எண்ணை எழுதச் சொல்லுங்கள். என் தம்பி பழக்கதோஷத்தில் ஊரிலிருக்கும் அப்பாவின் எண்ணை எழுதி வைத்திருந்தான். ஏதாவது ஆகியிருந்தால், பாவம், அந்த மனுஷர் அங்கிருந்து என்ன செய்வார்.

கணக்கு

இது இல்லாமல் போனால் கூட்டத்தைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள். முன்னணி வீரர்களும் முதல் அலையும் காலை ஒன்பதரை மணி வாக்கில் கிளம்புவார்கள். கடைசி அலை கிளம்பப் பதினொன்றரை ஆகிவிடும். "மாரத்தான் ஒன்பதரைக்குத் தொடங்குது" என்று வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு மணி நேரம் வரை பிசகும். உங்கள் ஆள் கிளம்பும் அலையிலிருந்துதான் எண்ண வேண்டும்.

ஓர் உதாரணம். அவர் 10:40-க்குக் கிளம்புகிறார், நாலரை மணி நேரத்தில் முடிக்க நினைக்கிறார். 270 நிமிஷத்தை 42.2-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 6 நிமிஷம் 24 விநாடி. கட்டி சார்க் தாண்டி, சுமார் 11-வது கிலோமீட்டரில், 11:50-க்கு வருவார். பாதித் தூரம் 12:55. ஹைவே சாலையில் போகும்போது 1 மணி. அதே சாலையில் 22-வது மைலில் திரும்பி வரும்போது, சீராக ஓடினால், 2:25-ஐ ஒட்டி. முடிவுக் கோடு 3:10.

சீராக ஓடினால். அங்கேதான் விஷயம். முதல் முறை ஓடுகிற பெரும்பாலானவர்கள் கடைசி 10, 12 கிலோமீட்டரில் தேய்ந்துபோவார்கள். அதனால் 22-வது மைலுக்குப் போட்ட நேரத்தோடு பத்து நிமிஷத்திலிருந்து இருபத்தைந்து நிமிஷம் வரை கூட்டிக்கொள்ளுங்கள். முன்பாதியில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கூட்டத்தின் உற்சாகத்தில் திட்டத்தைவிட வேகமாக ஓடிவருவார்கள். கட்டி சார்க் பக்கம் கணக்குக்கு ஐந்து நிமிஷம் முன்பே கண்ணைத் திறந்து வையுங்கள். ஆசை நேரம், உண்மை நேரம் இரண்டையும் கேட்கச் சொன்னது இதற்குத்தான்.

இரண்டு இடம் போதும்

ஐந்து இடத்தில் பார்க்கிறேன், ஆறு இடத்தில் பார்க்கிறேன் என்று வரைபடம் போடுவார்கள். ரயிலிலும் படிக்கட்டிலும் பாதி நாள் போய்விடும். அவர் ஓடியதைவிட நீங்கள் அதிகம் ஓடியிருப்பீர்கள். இரண்டு இடம், முடிந்தபின் சந்திக்க ஓர் இடம். அவ்வளவுதான்.

டவர் பிரிட்ஜ் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தொலைக்காட்சியில் பார்க்க அழகாக இருக்கும். நேரில் போனால் காலையிலேயே முன்வரிசையைப் பிடித்தவர்களின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். தொடக்க இடத்துக்கும் போகாதீர்கள், ஓடுபவர்கள் கூடும் பகுதிக்குள் மற்றவர்களை விட மாட்டார்கள்.

நான் சொல்லும் முதல் இடம், கட்டி சார்க்குக்கு முன்னால் இல்லை, அதைத் தாண்டி வரும் கிரீக் ரோடு. கப்பலைச் சுற்றித்தான் நெரிசல். சில நூறு மீட்டர் தள்ளி வந்தால் தடுப்பை ஒட்டி நிற்க இடம் கிடைக்கும். டி.எல்.ஆர் ரயிலில் வருகிறவர்கள் கட்டி சார்க் நிலையத்தை நம்பாதீர்கள். ஓட்ட நாளில் கூட்டத்துக்காக அங்கே ரயிலை நிறுத்தாமல் ஓட்டுவது உண்டு. கிரீனிச் நிலையத்தில் இறங்கி வடக்கே நடந்தால் ஓட்டப் பாதையைக் கடக்காமலே கிரீக் ரோட்டின் தென்பக்கத்துக்கு வந்துவிடலாம். அது ஓடுபவருக்கு இடக்கைப் பக்கம்.

இரண்டாவது இடம் ஹைவே. இதுதான் இந்த ஊர் மாரத்தானில் வேடிக்கை பார்ப்பவர்களுக்குக் கிடைத்த வரம். ஒரே சாலையில் கிழக்கே போகிறவர்கள் ஒரு பாதியிலும், ஐல் ஆஃப் டாக்ஸைச் சுற்றித் திரும்பி வருகிறவர்கள் மறு பாதியிலும் ஓடுவார்கள். நகராமல் நின்றால் ஒரே ஆளை இரண்டு தடவை பார்க்கலாம், 13-வது மைல் தாண்டி ஒரு முறை, 22-வது மைலில் ஒரு முறை. கிரீனிச்சிலிருந்து பேங்க் போகும் டி.எல்.ஆர் ஏறினால் ஷாட்வெல் நேர் வண்டி. இறங்கித் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால் ஹைவேயின் வடபக்கம். திரும்பி வருகிறவர்கள் ஓடுவது இந்தப் பக்கம்தான்.

எதிர்ப்பக்கத்துக்கு வாப்பிங் நிலையம் வழி. போகிறவர்கள் அங்கே பக்கத்தில் இருப்பார்கள், திரும்புகிறவர்கள் தள்ளி இருப்பார்கள். நடுவில் சாலையைக் கடக்க முடியாது, எனவே முன்பே முடிவு செய்துகொண்டு போங்கள். நான் எப்போதும் வடபக்கம்தான். பாதித் தூரத்தில் அவர் நன்றாகத்தான் இருப்பார். எதிர்ப்பக்கத்திலிருந்து கையாட்டினால் சிரித்துக்கொண்டே போவார். 22-வது மைலில் முகம் வேறு மாதிரி இருக்கும். அப்போது கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

நேரமும் பொறுமையும் இருந்தால் மூன்றாவதாக ஒன்று சொல்வேன், பாப்லர். கனரி வார்ஃபில் கட்டிடங்களுக்கு நடுவே கூச்சல் காதைப் பிளக்கும். அதைத் தாண்டி பாப்லருக்குள் வந்தால் சட்டென்று ஓய்ந்துவிடும். இருபதாவது மைல். உடம்பில் சேர்த்து வைத்த சர்க்கரை தீர்ந்துபோகும் தூரமும் ஏறக்குறைய அதுதான். "சுவரில் மோதுவது" என்று ஓட்டக்காரர்கள் சொல்வார்களே, அது இங்கேதான். கூட்டம் மெலிந்த அந்தத் தெருவில் நீங்கள் ஒருவர் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அது பத்து பேர் கூப்பிட்டதற்குச் சமம்.

ரயில் விஷயத்தில் இரண்டே எச்சரிக்கைதான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதை வேலைக்காகச் சில தடங்கள் மூடியிருக்கும், முந்தைய நாளே பார்த்துவிடுங்கள். டி.எல்.ஆர் நிலையங்கள் பலவற்றில் கதவு கிடையாது, கூட்டத்தோடு கூட்டமாகக் கார்டைத் தொடாமல் வந்துவிடுவோம். ஏறும்போதும் இறங்கும்போதும் தொட மறக்காதீர்கள், இல்லையென்றால் அதிகப் பணம் பிடித்துவிடும்.

செயலியில் ஓடும் புள்ளி

போட்டிக்கென்று ஒரு மொபைல் செயலி இருக்கிறது. 2022-இலிருந்து பெயருக்கு முன்னால் டிசிஎஸ் என்று இருக்கும். அந்த மூன்றெழுத்தைப் பார்த்தாலே நம்மில் பாதிப் பேருக்கு ஆபீஸ் ஞாபகம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் போட்டால் உங்கள் ஆள் எங்கே ஓடுகிறார் என்று வரைபடத்தில் ஒரு புள்ளி நகரும்.

அந்தப் புள்ளி அவர் இல்லை. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை தரையில் விரித்திருக்கும் பாயைத் தாண்டும்போது, அவரிடமிருக்கும் சிப் நேரத்தைப் பதிவு செய்கிறது. நடுவில் எல்லாம், கடைசியாக வந்த வேகத்திலேயே வருகிறார் என்ற ஊகம்தான். அவர் கழிப்பறை வரிசையில் நின்றிருப்பார், புள்ளி ஜோராக உங்களைத் தாண்டிப் போயிருக்கும். "ஐயோ, விட்டுட்டோமே" என்று நீங்கள் இடத்தைக் காலி செய்த மூன்றாவது நிமிஷம் ஆள் வருவார். புள்ளி தாண்டிய பிறகும் கால் மணி நேரமாவது நில்லுங்கள். புள்ளி நகராமல் நின்றால் பதறவும் வேண்டாம். அத்தனை பேரும் ஒரே இடத்தில் மொபைலைத் தட்டும்போது இணைப்பு படுத்துவிடும். நேரக் கணக்கை ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்தான் அன்றைக்குப் பிழைப்பார்.

கண்ணில் படுவது, காதில் விழுவது

எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதை எப்போதும் ஓடுபவரின் கைக்கணக்கில் சொல்லுங்கள்: "உன் இடக்கைப் பக்கம்." சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும், பரவாயில்லை.

ஆயிரம் பேர் கையாட்டும்போது உங்கள் கை தனியாகத் தெரியாது. தலைக்கு மேலே உயர்கிற மாதிரி ஏதாவது வேண்டும். நாங்கள் ஒரு பழைய ஆரஞ்சு துப்பட்டாவை நீளக் குச்சியில் கட்டிக்கொண்டு போவோம். அட்டையில் எழுதுவதானால் மூன்று சொல்லுக்கு மேல் வேண்டாம், மஞ்சள் மேல் கறுப்பு. தமிழில் எழுதுங்கள். இத்தனை பலகைக்கு நடுவில் தமிழ் எழுத்து அவர் கண்ணில் தானாகவே மாட்டும். குடையை மட்டும் விரிக்காதீர்கள், பின்னால் நிற்பவர்கள் மனசுக்குள் திட்டுவார்கள்.

இரண்டாவது வருஷம் அம்மா எவர்சில்வர் தட்டும் கரண்டியும் கொண்டுவந்துவிட்டார். வெள்ளைக்காரர்கள் எல்லாம் மாட்டு மணியை ஆட்டிக்கொண்டிருக்க, இவர் டங்கு டங்கென்று தட்ட ஆரம்பித்தார். மொட்டை மாடியில் வடாம் காயும்போது காக்கை விரட்டுவாரே, அதே தாளம். தம்பி ஐம்பது அடி தூரத்தில் குனிந்த தலையோடு வந்துகொண்டிருந்தான். சட்டென்று நிமிர்ந்தான். எங்களைப் பார்ப்பதற்கு முன்பே சிரித்துவிட்டான். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, அந்தத் தட்டைத் தானும் ஒரு தடவை தட்டிப் பார்க்கலாமா என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

வீடியோ எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் கண்ணில் பட்டு மறைவதற்கு ஏழெட்டு விநாடிதான். தேர் மாதிரி முக்கில் நின்று ஆரத்தி வாங்கிக்கொண்டு போகிற சமாசாரம் இல்லை இது. மொபைல் வழியாகத் தேடிக்கொண்டிருந்தால் ஆளை விட்டுவிட்டு அடுத்தவர் முதுகு ஆடுவதைத்தான் பதிவு செய்வீர்கள். எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஒருவர் எடுக்கட்டும், மற்றவர்கள் கூப்பிடட்டும்.

என்ன கத்துவது

பெயரை. பலரும் பெயரைச் சட்டையிலேயே பெரிதாக ஒட்டியிருப்பார்கள், முன்பின் தெரியாதவர்களும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதற்காகவே. நீங்களும் வருகிற போகிறவர்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடலாம், இந்த ஊரில் அந்நியரிடம் கூச்சமில்லாமல் கத்த அனுமதியுள்ள ஒரே நாள் இது. உங்கள் ஆளிடம் பெயரைச் சுருக்கி ஒட்டச் சொல்லுங்கள். "பாலசுப்பிரமணியம்" என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் கூட்டம் வாயைத் திறந்து மூடிக்கொள்ளும், அதற்குள் அவர் அடுத்த தெருவில் இருப்பார். "பாலா" என்றால் தெருவே கூப்பிடும்.

"இன்னும் கொஞ்சம்தான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். பதினெட்டாவது மைலில் அதைக் கேட்கிறவருக்கு இன்னும் 13 கிலோமீட்டர் பாக்கி. "கால் நல்லா வருது", "சூப்பரா ஓடுறே", "கீப் கோயிங்" எல்லாம் சரி. பிக் பென் தாண்டி, 385 யார்டு என்ற பலகையைப் பார்த்த பிறகு சொல்லலாம், இன்னும் கொஞ்சம்தான் என்று.

ரோட்டோரம் பலர் ஜெல்லி மிட்டாய், ஆரஞ்சுச் சுளை என்று தட்டில் வைத்து நீட்டுவார்கள். மிட்டாயில் பெரும்பாலும் ஜெலட்டின் இருக்கும், சைவக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள். நீங்களாகக் கொடுப்பதானால் அவர் பயிற்சியில் சாப்பிட்டுப் பழகியதை மட்டும் கொடுங்கள். தடுப்பைத் தாண்டி உள்ளே இறங்குவதோ, கூடவே ஓடிச் செல்ஃபி எடுப்பதோ கூடாது. பின்னால் வருகிறவர் தடுக்கி விழுவார்.

முன்னால் போகிறவர்கள்

தெரிந்தவர் யாரும் ஓடாவிட்டாலும் போகலாம். சக்கர நாற்காலி வீரர்கள் ஒன்பதுக்குச் சற்று முன்பும், முன்னணிப் பெண்கள் சற்றுப் பின்பும் கிளம்புவார்கள், ஆண்கள் ஒன்பதரைக்கு மேல். கிரீக் ரோட்டில் ஒன்பது மணிக்கே போய் நின்றால் பத்தேகாலுக்குள் மூன்று கூட்டத்தையும் பார்த்துவிடலாம். 2023-இல் கென்ய வீரர் கெல்வின் கிப்டும் இங்கே 2 மணி 1 நிமிஷம் 25 விநாடியில் முடித்தார். மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் மேல். தொலைக்காட்சியில் நிதானமாக ஓடுவது போலத் தெரியும், நேரில் ஒரு சைக்கிள் உரசிக்கொண்டு போன மாதிரி இருக்கும்.

ஆனால் எனக்குப் பிடித்தது பின்னால் வருகிற கூட்டம்தான். காண்டாமிருக வேடம் போட்டுக்கொண்டு வருவார்கள். 2019-இல் ஒருவர் பிக் பென் கோபுரமாகவே வந்து, முடிவுக் கோட்டின் மேலிருந்த வளைவில் கோபுர முனை இடித்து உள்ளே போக முடியாமல் நின்றார். கடைசியில் எட்டு மணி நேரக் கணக்கில் நடந்து வருகிறவர்கள் வரைக்கும் ஆட்கள் உண்டு. ஃபௌஜா சிங் 2000-இல் இதே ஊரில் தன் முதல் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89, ஏழு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எடுத்துக்கொண்டார்.

பையில்

ஏப்ரல் காலை குளிரும், மதியம் வெயில் அடிக்கும், நடுவில் ஒரு தூறல் போடும். 2018-இல் 24 டிகிரி தாண்டி, இந்த ஓட்டத்தின் வெப்பமான நாளாகிவிட்டது. அடுக்கடுக்காகப் போட்டுக் கழற்றுகிற மாதிரி உடுத்துங்கள். சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க், தண்ணீர், ஒரு கையில் பிடித்துச் சாப்பிடக்கூடிய சாப்பாடு. சப்பாத்தி ரோல் உத்தமம், தயிர்சாதம் வேண்டாம். கழிப்பறையைக் கண்ட இடத்தில் போய்விட்டு வாருங்கள், தேவைப்படும்போது கிடைக்காது.

அவருக்காக ஒரு தனிப் பை: உலர்ந்த சட்டை, ஸ்வெட்டர், உப்புப் போட்ட ஏதாவது தீனி, முக்கியமாக ரப்பர் செருப்பு. அந்த ஷூவைக் கழற்றினால் திரும்பப் போட முடியாது.

முடிந்த பிறகு

ஹைவேயில் இரண்டாவது முறை பார்த்ததும் நேரே சந்திக்கும் இடத்துக்குக் கிளம்புங்கள். முடிவுக் கோட்டைப் பார்க்க ஆசைப்படாதீர்கள், அங்கே நெருங்க முடியாது. ஷாட்வெல்லிலிருந்து டி.எல்.ஆரில் பேங்க், உள்ளேயே நடந்து மான்யுமென்ட், அங்கிருந்து டிஸ்ட்ரிக்ட் தடத்தில் எம்பாங்க்மென்ட். வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கினால் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். எம்பாங்க்மென்ட்டில் ஆற்றுக்கு எதிர்ப்பக்க வாசலில் ஏறி, டிரஃபால்கர் சதுக்கம் வழியாக ஹார்ஸ் கார்ட்ஸ் பக்கம் நடங்கள். அவசரம் இல்லை. கோட்டைத் தாண்டியவர் பதக்கம் வாங்கி, பையை வாங்கி, நொண்டிக்கொண்டு வெளியே வர அரை மணி நேரம் ஆகும்.

அங்கே ஆங்கில எழுத்து வரிசையில் பலகைகள் நட்டிருப்பார்கள். குடும்பப் பெயரின் முதல் எழுத்தில் காத்திருக்க வேண்டும் என்பது ஏற்பாடு. மறுபடியும் நம் பிரச்சினை. முதல் வருஷம் நாங்கள் அவன் பெயரின் எழுத்தில் நின்றோம், அவன் அப்பா பெயரின் எழுத்தில் உட்கார்ந்திருந்தான், முக்கால் மணி நேரம். மொபைலில் அவனிடம் சார்ஜ் இல்லை. எழுத்தை முன்பே பேசி முடிவு செய்யுங்கள். என் யோசனை, யாருக்கும் வேண்டாத எக்ஸ் அல்லது இஸட். அங்கே காற்றோட்டமாக இருக்கும், தரையில் உட்கார இடமும் கிடைக்கும்.

வந்ததும் எவ்வளவு நேரம் ஆச்சு, ஏன் கடைசியில் தேய்ந்தது என்று கேட்காதீர்கள். செருப்பைக் கொடுங்கள், தீனியைக் கொடுங்கள், கையைப் பிடித்து உட்கார வையுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார விடாதீர்கள், கால் இறுகிவிடும்.

வீட்டுக்குத் திரும்ப, கொஞ்சம் சுற்று வழியானாலும் படி குறைந்த நிலையமாகத் தேர்ந்தெடுங்கள். மின்தூக்கி இல்லாத இடமென்றால் அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பின்பக்கமாகத்தான் இறங்குவார். சிரிக்காமல் இரண்டு படி கீழே நின்று பையை வாங்கிக்கொள்ளுங்கள்.